கூட்டைத் தேடிச் சென்றோர்: ஆங்கில நாட்டு இளவேனிற் பறவைநோக்கின் வரலாறு

பங்குனி பிறக்குங் காலத்தில் ஆங்கில நாட்டிலே குளிர் தளர்ந்து மரங்கள் தளிர்க்கத் தொடங்குகின்றன. தெற்கே வெப்ப நாடுகளில் மாரியைக் கழித்த சிறு பறவைகள் கடல் கடந்து ஒவ்வோரினமாக மீளுகின்றன. இலைகள் முற்றும் விரியாமையாற் கிளையிலிருக்கும் பறவை கண்ணுக்கு மறைவதில்லை. இணைதேடும் பருவமாதலின் அது பாடாதிருப்பதுமில்லை. இவ்விரு வாய்ப்பும் ஒருங்கே அமைந்த இளவேனில் தொடக்கத்திலே, தொலைநோக்கியும் புகைப்படக் கருவியும் தாங்கியோர் வைகறையிலே காட்டையும் ஏரிக்கரையையும் நாடிச் செல்லுதல் அந்நாட்டிற் பெருவழக்கு. ஈழத்திலோ பங்குனியும் சித்திரையும் வெயிற் காலம். யாழ்ப்பாணத்துக் கடனீரேரிகளில் இரைதேர்ந்து திரிந்த வலசைப் பறவைகள் வடதிசை நோக்கிப் புறப்படுவதும் அப்பொழுதே. இங்கு பிரிவுக் காலமாயிருப்பது வடநாட்டார்க்கு வரவுக் காலமாகும்.

இவ்வழக்கம் மிகப் பழையதன்று. இதன் வரலாற்றைச் சுருக்கிக் கூறுவோர், கொடிய வேட்டைக்காரன் அகல அருளுடைய படப்பிடிப்பாளன் வந்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடுவர். அக்கூற்று முற்றும் பொய்யன்று. ஆயினும், நடந்ததை நுணுகி நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். புகைப்படக் கருவி வேட்டைக்காரனையும் முட்டை சேகரிப்போனையும் எதிர்த்து வெளியிலிருந்து வந்ததன்று. அது அவர்கள் வழியிலேயே நடந்து, அவர்கள் பருவத்தையே தனதாக்கி, அவர்கள் கைத்திறனையே கற்று வளர்ந்தது. அதனாலேயே அவர்கள் செய்த தீங்கில் ஒரு பங்கும் அதனைத் தொடர்ந்து வந்தது.

பறவைகளின் வரவை ஆண்டுதோறும் எழுதிவைக்கும் பழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆங்கில நாட்டிற் காணப்படுகின்றது. நோர்போக் மாவட்டத்து நிலக்கிழாராகிய றொபேட் மார்சம் என்பார் 1736 ஆம் ஆண்டு தொடங்கி, முதல் மலர், முதல் இலை, முதற் பறவை ஆகிய இளவேனிற் குறிகளைக் குறித்துவந்தார். அவர் மறைந்த பின்னரும் அவர் வழித்தோன்றல்கள் 1958 வரை அப்பணியை விடாது செய்தமை வியக்கற்பாலது. மார்சத்தின் நண்பர் செல்போண் என்னும் சிற்றூரிலே திருச்சபைப் பணியாற்றிய கில்பேட் வைற். உருவத்தாற் பிரித்தறிதற்கு அரியனவாகிய மூன்று சிறு கதிர்க்குருவி இனங்களை அவற்றின் பாட்டு வேறுபாட்டைக் கொண்டு வேறாக்கியவர் அவர். அவரது நூல் 1789 இல் வெளிவந்தது. கண்ணாலும் காதாலும் அறிதல் என்னும் நெறிக்கு அவரை முதல்வராகக் கொள்ளுதல் மரபு. எனினும், அம் மூவினத்தின் உயிரற்ற உடல்களையும் முன்னே வைத்து ஒப்புநோக்கிய பின்னரே அவரும் தம் முடிபை உறுதிப்படுத்தினார் என்பதை மறத்தலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே துப்பாக்கியின் செல்வாக்கு உச்சநிலை எய்தியது. அரிய பறவையொன்றைக் கண்டேன் என்று ஒருவர் கூறின், அதன் தோலைக் காட்டுக என்பதே அறிஞர் உலகின் மறுமொழியாயிருந்தது. கண்டவர் சொல் சான்றாகாது; கொன்றவர் கையிலிருப்பதே சான்று. ஈழநாட்டுப் பறவைகளைப் பற்றி 1880 இல் நிறைவெய்திய பெருநூலை இயற்றிய வின்சன்ற் லெக் என்பாரும் பீரங்கிப் படை அலுவலரே. அந்நூலின் அருமை இன்றும் குறையவில்லை. ஆயின் அதன் வருணனைகள் சுட்டுச் சேர்த்த உடல்களைக் கொண்டே எழுதப்பட்டன. அக்காலத்தில் வேறு வழி இருந்ததெனச் சொல்லுதலும் அரிது.

துப்பாக்கி அறிஞர்க்கு மட்டும் உரியதாயிருப்பின் பறவைக்குலம் தப்பியிருத்தல் கூடும். அதனினும் பெருந்தீங்கு இரு பக்கமிருந்து வந்தது. ஒன்று, பெண்டிர் தொப்பிக்கும் கைப்போர்வைக்கும் இறகு தேடிய வாணிகம். ஆங்கில நாட்டு ஏரிகளில் வாழும் கொண்டை முக்குளிப்பானின் மார்பிலுள்ள வெண்ணிறத் தூவி விலங்குமயிர்த் தோலுக்கு நிகராக விற்கப்பட்டமையால், 1860 ஆம் ஆண்டளவில் அவ்வினம் நாடு முழுவதிலும் சில பத்து இணைகளாகக் குறைந்தது. மற்றொன்று, முட்டை சேகரிக்கும் ஆர்வம். பாடசாலை மாணவர் முதல் குருமார், நீதிமான்கள் ஈறாகப் பலரும் இளவேனில் வந்தவுடன் கூடு தேடிப் புறப்பட்டனர். முட்டையில் துளையிட்டு உள்ளீட்டை ஊதி அகற்றி, ஓட்டினை இழுப்பறைகளிலே பஞ்சின்மீது அடுக்குதல் கற்றோர்க்குரிய பொழுதுபோக்காக மதிக்கப்பட்டது. இனம் அரிதாகுந்தோறும் முட்டையின் விலை ஏறும். விலை ஏறுந்தோறும் இனம் மேலும் அரிதாகும்.

சட்டம் மெல்லவே வந்தது. கடற்பறவைகளைக் காக்கும் சட்டம் 1869 இலும், காட்டுப் பறவைகளைப் பொதுவாகக் காக்கும் சட்டம் 1880 இலும் நிறைவேறின. பின்னையது மார்ச்சு முதல் நாள் தொடங்கி ஓகத்து முதல் நாள் வரை பறவைகளைக் கொல்லுதலைத் தடுத்தது. முட்டைகளைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. தாயைக் கொல்லுதல் குற்றம், அது அடைகாக்கும் முட்டையைக் கவர்தல் குற்றமன்று என்னும் விந்தையான நிலை இதனால் விளைந்தது. இறகு வாணிகத்தை எதிர்த்து 1889 இல் மன்செஸ்ரர் நகரின் புறத்தே எமிலி வில்லியம்சன் என்னும் பெருமாட்டி ஒரு கழகத்தைத் தொடங்கினார். உணவின் பொருட்டுக் கொல்லப்படாத எப்பறவையின் இறகையும் அணிவதில்லை, தீக்கோழி இறகு மாத்திரம் விலக்கு என்பது அதன் உறுப்பினர் பூண்ட உறுதி. பெண்கள் தொடங்கிய அச்சிறு கழகமே 1904 இல் அரச பட்டயம் பெற்ற பறவைப் பாதுகாப்புக் கழகமாக வளர்ந்தது. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டத்தை அவர்கள் 1921 இலேதான் காணமுடிந்தது.

இச்சூழலிலே தோன்றியவர்களே கீர்ட்டன் சகோதரர். யோக்சயர் மாவட்டத்தின் மலைப்பாங்கான சுவேல்டேல் பள்ளத்தாக்கிலே, துவேற் என்னும் குக்கிராமத்து வேளாண் குடும்பத்தில் மூத்தவர் றிச்சாட் 1862 இலும், இளையவர் செரி 1871 இலும் பிறந்தனர். றிச்சாட் சிறுவயதிலே கூடு தேடி மரமேறியபோது வீழ்ந்து வாழ்நாள் முழுவதும் காலூனமுற்றார். காட்டுக் கோழிகளைப் போலக் குரலெழுப்பி அவற்றை அருகழைக்கும் ஆற்றல் அவர்க்கிருந்தது. வேட்டைக்கு வந்த இலண்டன் பதிப்பாளர் ஒருவர் அதனைக் கண்டு வியந்து தம் நிறுவனத்தில் அவரை அமர்த்தினார். வேட்டைக்குரிய கலையே அவரைப் புத்தக உலகுக்குள் அழைத்துச் சென்றதென்பது இவ்வரலாற்றிற் கருதத்தக்கது. தம்பியும் பின்னர் அந்நிறுவனத்திற் சேர்ந்தார்.

1892 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே இலண்டனுக்கு வடக்கேயுள்ள நாட்டுப்புறத்தில் சகோதரர் உலாவச் சென்றபோது, துறஷ் எனப்படும் பாடும் பறவையின் கூடொன்று முட்டைகளுடன் தென்பட்டது. செரி தம்மிடமிருந்த கருவியால் அதனைப் படம்பிடித்தார். படம் தெளிவாயமைந்ததைக் கண்ட றிச்சாட்டுக்குப் புதியதோர் எண்ணம் உதித்தது. பறவைக் கூடுகளைப் பற்றிய நூலொன்றை, ஓவியம் ஒன்றேனும் இன்றி, இயற்கையிடத்தே எடுத்த புகைப்படங்களாலேயே நிரப்பினால் என்ன? மூன்றாண்டு உழைப்பின் பின் 1895 இல் அந்நூல் வெளிவந்தது. அத்தகைய நூல்களுள் அதுவே முதலாவது.

அக்காலக் கருவியின் இயல்பை அறியாதார்க்கு அவர்கள் பட்ட பாடு விளங்காது. மரத்தாலான பெட்டி, முக்காலி, கனத்த கண்ணாடித் தகடுகள். தகட்டின் ஒளியுணர்ச்சி குறைவாதலால் படமெடுக்கப்படும் பொருள் அசையாதிருத்தல் வேண்டும். தொலைவிலுள்ளதை அண்மையிற் காட்டும் வில்லைகளும் போதிய அளவு வளர்ந்திருக்கவில்லை. ஆதலின் கருவி பறவைக்கு மிக அருகில் இருத்தல் வேண்டும். காட்டுப் பறவை ஓரிடத்தில் அசையாதிருப்பதும், அஞ்சிப் பறந்தாலும் மீண்டும் அவ்விடத்துக்கே வருவதும் எங்கே? கூட்டிலேதான். ஆகவே படப்பிடிப்பாளன் கூட்டைத் தேடியது விருப்பத்தால் மட்டுமன்று, கருவியின் குறைபாட்டாலுமாம். கூட்டைக் கண்டுபிடிக்கும் கலையை நன்கறிந்தவர் எவர்? முட்டை சேகரிப்போரே. தாய்ப்பறவை எழுந்து பறக்கும் திசை, அது வாயிற் புல் கௌவிச் செல்லும் வழி, ஆட்காட்டி போலிக் காயங்காட்டி ஏய்க்கும் உபாயம் ஆகிய இவையெல்லாம் அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய அறிவு. றிச்சாட் காலூனமுற்றதே அப்பயிற்சியிலன்றோ? அந்த அறிவு முழுவதும் கைமாறியது. கடற்பாறைகளிலே கயிற்றிற் கட்டுண்டு இறங்கி முட்டை எடுப்பார் செய்ததையே, முதுகிற் கருவியுடன் செரி செய்தார். 1896 இல் சகோதரர் இருவரும் ஸ்கொத்லாந்துக்கு மேற்கே அத்திலாந்திக்கிலுள்ள சென் கில்டாத் தீவுக்குச் சென்றனர். கடற்பறவைகளைப் பிடித்துண்டு வாழ்ந்த அத்தீவு மக்களையும் அவர்கள் படம்பிடித்துவந்தனர்.

பறவையை அச்சுறுத்தாது நெருங்குதற்கு அவர்கள் கையாண்ட சூழ்ச்சிகள் நகைப்பும் வியப்பும் விளைப்பன. பொய்ம் மரத்தண்டு செய்தனர். பொய்ப் பாறை செய்தனர். 1900 இல் பாடஞ்செய்த மாட்டுத் தோலொன்றை உள்ளீடற்றதாக அமைத்து, ஆளும் கருவியும் அதனுட் புகுந்து, தோலிலிட்ட துளையினூடே பறவையை நோக்கினர். மேய்ச்சல் நிலத்துப் பறவைகள் மாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை. உள்ளிருந்தவர் ஒருமுறை புழுக்கத்தால் மயங்கிச் சாய, மாடு நான்கு காலும் வானை நோக்கக் கிடந்த காட்சியை மற்றவர் படமாக்கினார். வேட்டைக்காரர் பார்வை விலங்கை வைத்து இனத்தைப் பிடிப்பது பழந்தமிழரும் அறிந்த முறை. இங்கு வேட்டைக்காரனே பார்வை விலங்கானான் எனலாம்.

இதே ஆண்டுகளில் படக்கருவியின்றி, கண்ணையும் குறிப்பேட்டையும் மட்டும் நம்பிய ஒருவர் எழுந்தார். எட்மண்ட் செலூஸ் என்னும் அவர் சட்டம் பயின்றவர். ஆபிரிக்கக் காடுகளில் யானையும் சிங்கமும் வேட்டையாடிப் பெரும்புகழ் பெற்ற பிரெடெரிக் செலூஸ் அவருடைய தமையன். தமையன் துப்பாக்கியாற் புகழ்பெற, தம்பி அதனைக் கைவிட்டுத் தொலைநோக்கியை ஏந்துமாறு பிறரையும் வற்புறுத்தினார். பக்கி என்னும் இராப்பறவையின் கூட்டருகே மணிக்கணக்கிற் கிடந்து, கண்டதைக் கண்டவாறே எழுதினார். பறவை நோக்குதல் என்பதையே பெயராகக் கொண்ட அவரது நூல் 1901 இல் வெளிவந்தது. கழகத்தாரோடு சேராது தனித்தே வாழ்ந்த அவரை அக்காலத்தறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை.

அவர்க்கு உரிய இடத்தை அளித்தவர் யூலியன் ஹக்ஸ்லி. இளைஞராயிருந்த ஹக்ஸ்லி 1912 ஆம் ஆண்டு இளவேனில் விடுமுறையிலே, கால்வாய்க்கு நீர்தேக்கும் பொருட்டு அமைக்கப்பட்ட திறிங் நீர்த்தேக்கங்களுக்குச் சென்றார். அங்கே சட்டத்தின் காப்பினால் மீண்டும் பெருகத் தொடங்கியிருந்த கொண்டை முக்குளிப்பான்களை ஏறக்குறைய இரண்டு வாரம் தொலைநோக்கியால் நோக்கினார். ஆணும் பெண்ணும் எதிரெதிர் மிதந்து கொண்டையை விரித்துத் தலையசைத்தலையும், இரண்டும் நீருள் மூழ்கிப் பாசியைக் கௌவி எழுந்து நெஞ்சோடு நெஞ்சு பொருந்த நீர்மேல் நிமிர்ந்தாடுதலையும் குறித்தார். ஒரு காலத்தில் வேறு பயன் கருதிய செயல்கள் நாளடைவிற் சடங்காகி, இணையைப் பிணிக்கும் குறிகளாயின என்பது அவர் துணிபு. 1914 இல் அவர் வெளியிட்ட அக்கட்டுரை விலங்குகளின் நடத்தையை ஆராயும் துறைக்கு அடிக்கற்களுள் ஒன்றாயிற்று. அரைநூற்றாண்டுக்கு முன் பெண்டிர் அணியாக மார்பு உரிக்கப்பட்ட பறவை இதுவென்பதை நினைக்குமிடத்து, காலமாற்றம் எத்துணை விரைந்ததென்பது தெளிவாகும். இறந்த முக்குளிப்பான் எத்துணை இருப்பினும் அவ்வாடலைப் பற்றி ஒரு சொல்லும் கூறியிராது. 1931 இல் இவ்வினத்தைக் கணக்கெடுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் நாடெங்கும் ஏரிகளைச் சுற்றி வந்தபோது, இணைகளின் தொகை ஆயிரத்தைக் கடந்திருந்தது.

கொல்லாமலே சான்று காட்டல் கூடும் என்பதை நிலைநாட்டியவர்களுள் எம்மா ரேணர் என்னும் அம்மையார்க்குச் சிறப்பிடம் உண்டு. இலின்னேயக் கழகம் 1904 இல் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராகத் தெரிந்தபோது அவருள் ஒருவராயிருந்தவர் இவர். நோர்போக் மாவட்டத்து ஹிக்லிங் ஏரியிலே படகுவீடொன்றில் வாழ்ந்து நாணற்காட்டுப் பறவைகளைப் படம்பிடித்தார். பெருங்குருகு என்னும் இனம் ஆங்கில நாட்டிற் கூடுகட்டுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அற்றுப்போயிருந்தது. 1911 இல் ரேணர் அம்மையாரும் காவலர் யிம் வின்சன்ற் என்பாரும் நாணலினிடையே தேடி, பறக்கத் தெரியாத குருகுக் குஞ்சொன்றைக் கண்டு படமெடுத்தனர். அவ்வினம் மீண்டுவந்தமைக்கு அப்படமே சான்று. முப்பது ஆண்டுகளுக்கு முன்னாயின் அக்குஞ்சு பாடஞ்செய்யப்பட்டுக் கண்ணாடிப் பேழையில் நின்றிருக்கும். அதே 1911 ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டிலே காலில் வளையமிடப்பட்ட தகைவிலான் ஒன்று, 1912 டிசெம்பரில் தென்னாபிரிக்காவின் நேற்றாலிற் கிடைத்தது. இளவேனிலில் வருவது எங்கிருந்து என்னும் பழைய கேள்விக்கு இவ்வாறு விடை வரத்தொடங்கியது.

ஆயினும், முன்னே கூறிய தீங்கின் பங்கு இங்கேயே தோன்றுகின்றது. கூட்டைத் தெளிவாகக் காட்டும்பொருட்டுப் படப்பிடிப்பாளர் சுற்றியுள்ள கொடியையும் கிளையையும் விலக்கினர். விலக்கிய வழியே காக்கையும் பூனையும் கூட்டைக் கண்டுகொண்டன. மிதித்த புல் வழிகாட்டியாயிற்று. தாய் நெடுநேரம் மீளாவிடின் முட்டை குளிர்ந்துவிடும். நல்ல படப்பிடிப்பாளர் இவற்றை உணர்ந்து, மறைகூடாரத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக முன்னகர்த்திப் பறவையைப் பழக்கினர். எல்லாரும் நல்லவரல்லர். சில வேளைகளிற் பறவையே விடையிறுத்தது. படக்கலையிற் பெரும்புகழெய்திய எரிக் ஹொஸ்கிங் 1937 இல் ஆந்தைக் கூட்டருகேயிருந்த தம் மறைவிடத்துக்கு இரவிற் சென்றபோது, அவ்வாந்தை முகத்திற் பாய்ந்து தாக்கியமையால் இடக்கண்ணை இழந்தார். ஆந்தையின்மேற் பகையின்றி ஒற்றைக் கண்ணோடு ஐம்பது ஆண்டுக்கு மேல் அத்தொழிலையே செய்தார். உலகப் போரின் பின் அவர் கையாண்ட மின்வெட்டொளி, பறக்கும் சிறகையும் அசைவறக் காட்டியது. தகடு விரைவுற்று வில்லையும் நீண்டபின் கூட்டருகே நிற்கவேண்டிய கட்டாயம் தளர்ந்தது. முட்டை எடுத்தலை 1954 ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தடுத்தது. அரிய இனங்களைக் கூட்டருகே வேண்டுமென்றே கலைத்தலும் குற்றமென 1981 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்வினங்களின் கூட்டைப் படம்பிடிக்க விரும்புவோர் உரிமம் பெறுதல் வேண்டும்.

நோக்குதலொன்றே அறிவுக்குப் போதுமென்பதற்குச் சிறைக்கூடமும் சான்றாயிற்று. 1940 இல் நோர்வேயிற் சிறைப்பட்ட யோன் பக்ஸ்ரன் என்னும் ஆங்கிலக் கவிஞர், யேர்மன் நாட்டுப் பாசறையிலே முட்கம்பிக்குள் இருந்தவாறே செவ்வாற் குருவிகளை ஆராய்ந்தார். 1943 இளவேனிலில் ஓர் இணையை அவரும் தோழரும் ஏறத்தாழ 850 மணி நேரம் நோக்கினர். அவ்வாராய்ச்சி 1950 இல் நூலாயிற்று. துப்பாக்கி காவலர் கையில் இருந்தது. சிறைப்பட்டோர்க்கு எஞ்சியது கண் ஒன்றே. அவருடன் பாசறையிற் பறவை நோக்கியவர்களுள் பீற்றர் கொண்டர் பின்னாளிற் பறவைப் பாதுகாப்புக் கழகத்தின் தலைமைப் பணியை ஏற்றார். ஸ்கொத்லாந்தினராகிய ஜோர்ஜ் வோட்டஸ்ரன் விடுதலைக்குப் பின் 1948 இல் பெயர்த் தீவை விலைக்கு வாங்கி அங்கே வலசைப் பறவைகளை ஆராயும் நிலையம் நிறுவினார்.

வோட்டஸ்ரன் பின்னர்ச் செய்த செயல் அதனினும் துணிவுடையது. விரால் அடிப்பான் என்னும் மீனுண்ணும் பருந்து (மாரியில் ஈழத்து நீர்நிலைகளிலும் காணப்படுவது) வேட்டையாலும் முட்டைக் களவாலும் ஸ்கொத்லாந்தில் 1916 இன் பின் கூடுகட்டாதொழிந்தது. 1954 இல் ஓர் இணை லொக் கார்ட்டன் ஏரிப்பக்கம் மீண்டுவந்தது. இடத்தை மறைத்துக் காத்தனர். மறைத்தும் பயனில்லை: 1958 இல் காவலுக்கிடையே, இருளிலே ஒருவன் மரமேறி முட்டைகளைக் கவர்ந்தான். மறுவருடம் ஏப்பிரலிற் பறவைகள் மீண்டபோது வோட்டஸ்ரன் மறைவை முற்றாகக் கைவிட்டார். மரத்தடியை முட்கம்பியாற் சூழ்ந்து, இரவும் பகலும் காவல் வைத்து, தூரத்தே நோக்குமிடமொன்றமைத்துப் பொதுமக்களை வந்து காணுமாறு அழைத்தார். ஆயிரம் கண் காணும் கூட்டைக் களவாடுதல் எளிதன்று என்பது அவர் கணிப்பு. கழகத்தாருட் சிலர் அஞ்சினர். அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. 1959 ஆம் ஆண்டின் அப்பருவத்திலே ஏறக்குறைய 14,000 பேர் அங்கு சென்று தொலைநோக்கியூடே அக்கூட்டைக் கண்டனர். அதிலிருந்து மூன்று குஞ்சுகள் பறந்தன.